மேடு பார்த்து நிறுத்திய வண்டி

அண்ணி சாவியைத் திருப்பினாள். வண்டிக்கு அடியில் எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மறுபடி திருப்பினாள். மறுபடியும் 'டிக்'. பின்னால் ஐஸ் கட்டிகளின் மேல் சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றேன். ஐஸ் அறைக்குள் கொக்கியோடு நின்றவர்களும் நின்றார்கள். அந்தச் சத்தம் எல்லோருக்கும் பழக்கமாகியிருந்தது.

"மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டாருடோய்!" என்று மொட்டை உள்ளேயிருந்து கத்தினான். சுமை ஏற்றுகிறவர்களில் அவன்தான் எங்கள் வண்டிக்கு அந்தப் பெயரை வைத்தவன். கெஞ்சினால்தான் கிளம்புகிறது, கிளம்பினாலும் முறைத்துக்கொண்டே போகிறது என்பது அவன் சொன்ன காரணம். மற்ற நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஐஸ் கம்பெனியில் வண்டி நிற்கும் இடம் ஒரு பள்ளம். வண்டியின் தட்டும் ஐஸ் அறையின் தரையும் ஒரே மட்டத்துக்கு வரவேண்டும் என்பதற்காகத் தரையைச் சரிவாகத் தோண்டி வைத்திருக்கிறார்கள். பின்பக்கமாகவே இறக்க வேண்டும். மூக்கு வானத்தைப் பார்க்கும், பின்புறம் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். இறங்கியதும் இன்ஜினை அணைத்துவிட வேண்டும் என்பது அங்கே கண்டிப்பு. புகை ஐஸ் அறைக்குள் போகக் கூடாது. அந்த ஐஸ் மீனுக்குப் போகிறது, மீன் மனிதர் வாய்க்குப் போகிறது. ஏற்றி முடித்ததும் கிளப்பி மேலே ஏறிவிட வேண்டும். கிளம்பாவிட்டால் தள்ளிக் கிளப்பவும் வழியில்லை. ஐஸ் பாரத்தோடு மேட்டில் தள்ள எந்தக் கொம்பனாலும் முடியாது. மேலே காத்திருக்கும் வண்டிக்காரர் எவராவது மனமிரங்கிக் கயிறு கட்டி இழுக்க வேண்டும். அதுவரை நம்முடைய ஐஸும் உருகும், அவர்களுடைய பொறுமையும் உருகும்.

அன்றைக்கும் ஹாரன் சத்தம் ஆரம்பித்துவிட்டது. கயிறு கட்டி இழுப்பதற்கு முன்னால் பாரத்தைக் குறைக்கலாம் என்று, கடைசி வரிசைக் கட்டிகளைக் கொக்கி போட்டு மறுபடி உள்ளே இழுத்தோம். ஏற்றியதை இறக்குவதைப் போல எரிச்சலான வேலை உலகத்தில் கிடையாது. கயிற்றோடு ஒருவர் முன்னால் குனிந்துகொண்டிருந்தபோது, அண்ணி எதற்கோ சாவியைத் திருப்பினாள். வண்டி ஒன்றுமே நடக்காதது போல உறுமிக் கிளம்பியது. கயிற்றுக்காரர் துள்ளி விலகி, வண்டியின் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னார்.

"ரெஸ்ட் கேட்டிருக்குக்கா. குடுத்தோம், கிளம்பிருச்சு" என்றான் மொட்டை.

மேனேஜர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கத்துகிற ஆள் இல்லை. அதுதான் பயம். அண்ணியின் ஜன்னல் பக்கம் வந்து, "இதோ பாரும்மா, நான் எத்தனை பேருக்குப் பதில் சொல்றது? நாளைக்கும் இங்க நின்னுச்சுன்னா, இந்த வாசல் உங்க வண்டிக்குக் கிடையாது. வருத்தப்படாதீங்க" என்றார்.

எங்கள் துறைமுகத்தில் இருப்பது ஒரே ஒரு ஐஸ் கம்பெனி. அந்த வாசல் இல்லையென்றால் எங்களுக்குப் பிழைப்பு இல்லை. அந்த வண்டியைப் பழைய இரும்புக்காரனைத் தவிர வேறு யாரும் வாங்கமாட்டார்கள். நான் திரும்பவும் கூடை தூக்கப் போகலாம், எனக்குத் தோள் இருக்கிறது. அண்ணனால் முடியாது. அவன் கால் மேல் ஐஸ் கட்டி சறுக்கி விழுந்து பாதம் நொறுங்கிப் போனதிலிருந்து வாசலில் உட்கார்ந்து மீன் பெட்டிகளுக்குக் கயிற்றுக் கைப்பிடி கட்டிக்கொண்டிருக்கிறான். அவன் ஓட்டிய வண்டியைத்தான் அண்ணி ஓட்டுகிறாள். அதற்கு முன்னால் அவள் மீன் அறுக்கிற கொட்டகையில் இருந்தாள். அங்கே நாள் முழுக்க நின்று பழகிய கால், கிளட்சை மிதிக்க ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

துறைமுகத்தில் ஐஸை இறக்கி முடிக்கும்வரை அண்ணி வண்டியின் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நிதானம் கிடையாது. வண்டி நின்றால் அண்ணன் டயரை உதைப்பான், நான் கதவை அறைவேன், எங்கள் அப்பா ஒருமுறை ஓடாத பம்ப் செட்டைக் கடப்பாரையால் அடித்து, அதற்குப் பிறகு அது ஓடவேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டார். அண்ணி வேறு மாதிரி. ஒரு பொருள் ஏமாற்றினால் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். திட்டமாட்டாள். பார்த்துக்கொண்டே இருப்பாள்.

வண்டித் தட்டைக் கழுவும்போது கேட்டாள்.

"தம்பி, இது வீட்ல எப்பவாவது எடுக்காம இருந்திருக்கா?"

"இல்லையே. அங்கதான் சரிவுல நிறுத்துறோமே. எடுக்கலன்னாலும் உருட்டி விட்டுக்கலாம்."

"நிறுத்துறது சரி. உருட்டி விட்டிருக்கோமா?"

யோசித்தேன். ஒருநாள்கூட இல்லை. வண்டி தகராறு செய்ய ஆரம்பித்ததும் அண்ணன் போட்ட உத்தரவு அது: எங்கே நிறுத்தினாலும் இறக்கம் பார்த்து நிறுத்து, மூக்கு கீழே இருக்கட்டும், செல்ஃப் எடுக்காவிட்டால் பிரேக்கை விட்டு உருட்டிக் கிளப்பு. வீட்டு முன்னால், டீக்கடையில், மீன் கொட்டகையில், எல்லா இடத்திலும் இறக்கம் தேடித் தேடி நிறுத்தினோம். சக்கரத்துக்கு அண்டக்கொடுக்க ஒரு கல்லைக்கூட வண்டியிலேயே வைத்திருந்தோம். இப்படி முன்னேற்பாடாக நிறுத்திய இடத்தில் எல்லாம் வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது.

"அப்ப மெக்கானிக் கடையில?"

"அங்க போனா இது புது வண்டி மாதிரி நடிக்கும் அண்ணி. தெரிஞ்சதுதானே. எல்லாம் ஐஸ் தண்ணி பண்ற வேலை. கம்பெனிக்குள்ள போனா குளிரு, ஈரம், ஒயர்ல தண்ணி ஏறிடுது."

இதுதான் எல்லோரும் சொன்னது. எல்லோருமே ஐஸில் புழங்குகிறவர்கள்; கை விரைத்தாலும் இடுப்பு பிடித்தாலும் பழி ஐஸின் மேல்தான். வண்டி நின்றதற்கும் அதையே சொன்னோம். மெக்கானிக்கைக் கெஞ்சி ஒயர்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் சுற்ற வைத்தது நான்தான்.

அண்ணி துடைப்பத்தை நிறுத்தினாள். "போன மழையில ராத்திரி பூரா வெளியில நனைஞ்சுச்சு. காலைல எடுத்தப்போ முதல் அடியிலயே எடுத்துச்சு. தண்ணின்னா அன்னைக்குல்ல நின்னிருக்கணும்?"

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"மீன் வரத்து கம்மியா இருக்கற நாள்ல பாதி லோடுதான் ஏத்துறோம். அன்னைக்கெல்லாம் நின்னிருக்கா?"

எண்ணிப் பார்த்தேன். பாதி லோடில் ஒருதடவைகூட நின்றதில்லை.

"இன்னைக்கு நாம இதுக்கு ரெஸ்ட் குடுக்கல தம்பி. பாரத்தைத்தான் இறக்கினோம்."

அங்கிருந்து நேராக மெக்கானிக் கடைக்குப் போனோம். அவரை எல்லோரும் 'தெரியல' என்று கூப்பிடுவார்கள். மற்ற மெக்கானிக்குகள் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி சாமானை மாற்றுவார்கள்; இவர் தெரியாவிட்டால் தெரியல என்று சொல்லிவிடுவார். பாதிப் பேர் அதனாலேயே அவரிடம் போவதில்லை, மீதிப் பேர் அதனாலேயே அவரைத் தவிர யாரிடமும் போவதில்லை. எங்கள் வண்டிக்குப் பேட்டரி மாற்றியாகிவிட்டது, செல்ஃப் மோட்டாரைக் கழற்றிச் சரிபார்த்தாகிவிட்டது, சாவி போடுகிற இடத்தையும் பிரித்துப் பார்த்துவிட்டார். அவர் கடையில் தரை மட்டம் பார்த்துப் போட்ட சிமெண்ட் தரை. அதன்மேல் நிறுத்தி அவர் எத்தனை தடவை திருப்பினாலும் அத்தனை தடவையும் வண்டி கிளம்பியது. ஒருநாள் மத்தியானம் முழுக்க சாவியைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசியில், "வியாதி வரும்போது கூட்டிட்டு வாங்க. சொகமா இருக்கறவனுக்கு என்ன வைத்தியம் பாக்கறது?" என்றார்.

"அண்ணே, இன்னைக்கு வியாதியை வர வச்சுக் காட்டறேன். நீங்கதான் அங்க வரணும்" என்றாள் அண்ணி.

"எங்க?"

"ஐஸ் கம்பெனிப் பள்ளத்துக்கு."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தார். வேறொருவராக இருந்தால் தொழிலை எனக்குச் சொல்லித் தருகிறாயா என்று கேட்டிருப்பார். இவர், "அங்க எதுக்கு நிக்குதுன்னு நினைக்கறே?" என்று கேட்டார்.

"எதுக்குன்னு தெரியல. எப்பன்னு தெரியும்."

அவர் ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டார்.

மத்தியானத்தில் ஐஸ் கம்பெனி ஓய்ந்து கிடக்கும். பள்ளம் காலியாக, காய்ந்து கிடந்தது. சொட்டு ஈரம் இல்லை. அண்ணி மேனேஜரின் அறைக்குள் போனாள். நான் வாசலில் நின்றேன்.

"சும்மா சோதனை பாக்க ஐஸ் குடுக்க முடியாதும்மா."

"ஐஸ் வேண்டாம் சார். வாசல் மட்டும் போதும். அப்புறம் அந்த உப்பு மூட்டை. எடுத்த எடத்துலயே திரும்ப அடுக்கிக் குடுத்துடறோம்."

ஐஸ் உறைய வைக்கிற தொட்டித் தண்ணீரில் போடுவதற்காக அங்கே உப்பு மூட்டைகள் சுவரோடு அடுக்கியிருக்கும். மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்தார். விரட்டப்போகிறார் என்று நினைத்தேன். "யார் தூக்கறது?" என்று கேட்டார்.

நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தவர்களை மொட்டைதான் எழுப்பினான். "எழுந்திருங்கப்பா, மாப்பிள்ளைக்கு மறுவீடு!" ஆளாளுக்கு முனகினார்கள். ஆனாலும் வந்தார்கள். தூங்குகிற சுமைக்காரனை எழுப்புவது லேசான காரியமில்லை, நானே அந்த ஜாதி. அண்ணி கேட்டாள் என்பதால் வந்தார்கள். மீன் கொட்டகையில் இருந்த காலத்தில் அவர்களில் பல பேருடைய பெண்டாட்டிகளோடு ஒரே பலகையில் நின்றவள் அவள்.

வண்டியைப் பள்ளத்தில் இறக்கி அணைத்தாள். காலியாக ஒருமுறை திருப்பினாள். கிளம்பியது. பாதி மூட்டை ஏற்றினோம். கிளம்பியது. எல்லா மூட்டையும் ஏற்றினோம். கொஞ்சம் இழுத்தாற்போலத் தோன்றியது, ஆனால் கிளம்பிவிட்டது. மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "பத்தல" என்றாள் அண்ணி. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எல்லாரும் ஏறுங்க!" என்றாள்.

"எங்கக்கா ஏறுறது?"

"வண்டியிலதான். மூட்டை மேல. நீங்கதான் இன்னைக்கு ஐஸு."

இத்தனை காலம் ஏற்றியே பழகியவர்கள் முதல்முறையாகச் சுமையாக ஏறினார்கள். "என்னைப் பாத்து அடுக்குங்கடா, உடைஞ்சிடுவேன்" என்றான் ஒருவன். "சாக்கைப் போடுடா, உருகறேன்" என்றான் இன்னொருவன். ஒருவர் மடியில் ஒருவராக, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். வண்டியின் பின்புறம் முனகிக்கொண்டு தாழ்ந்தது. சாவி. மெதுவாகச் சுற்றி, தயங்கி, கிளம்பியது.

"சே!" என்று எல்லோரும் ஒன்றாகச் சொன்னார்கள். வண்டி கிளம்பியதற்காக ஒரு கூட்டமே வருத்தப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அண்ணி அணைத்தாள். கீழே இறங்காமலேயே படியின் பக்கம் திரும்பினாள். அங்கே மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நல்ல வாட்டசாட்டமான மனிதர்.

"சார்..."

"என்னம்மா?"

அவள் அவரையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். மொட்டை சொன்னான்: "பெரிய கட்டி ஒண்ணு பாக்கி இருக்குன்னு நினைக்கறாங்க சார்."

மேனேஜர் மொட்டையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, தட்டின் கடைசி ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். மூட்டைமேல் இருந்தவர்கள் சட்டென்று மரியாதையாக நெளிந்து இடம் விட்டார்கள். வண்டி இன்னும் ஒரு விரல் தாழ்ந்தது.

அண்ணி சாவியைத் திருப்பினாள்.

'டிக்.'

அப்படியொரு ஆரவாரத்தை அந்தப் பள்ளம் கேட்டிருக்காது. விசில் அடித்தார்கள், தட்டைத் தட்டினார்கள், மொட்டை மேனேஜரின் தோளையே தட்டிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். "யாரும் இறங்காதீங்க! அசையாதீங்க! அப்படியே உக்காருங்க!" என்று மெக்கானிக் கத்தினார். வண்டிக்கு அடியில் அவருடைய கால் மட்டும் தெரிந்தது. கட்டளைக்குப் பணிந்து அத்தனை பேரும் உறைந்தார்கள். மூக்கில் ஈ உட்கார்ந்தவன்கூடக் கையைத் தூக்கவில்லை.

உள்ளே கிடந்தபடி என்னிடம் கை நீட்டினார். ஒரு பேட்டரியிலிருந்து இன்னொரு பேட்டரிக்குக் கரண்ட் எடுக்கிற தடித்த ஒயரைக் கொடுத்தேன். அதன் ஒரு முனையை வண்டியின் சட்டத்தில் கடிக்கவிட்டார், மறுமுனையை இன்ஜினின் உடம்பில் கடிக்கவிட்டார். "அடிம்மா!" என்றார். அண்ணி திருப்பினாள். முதல் திருப்பிலேயே கிளம்பியது. "அணை!" அணைத்தாள். ஒயரை எடுத்தார். "அடி!" டிக். மாட்டினார். கிளம்பியது. எடுத்தார். டிக். சின்னக் குழந்தை சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பது போல அவர் அதை நிறுத்தவே இல்லை. அவ்வளவு நாளும் ஒளிந்துகொண்டிருந்தது இப்போது அவர் கைக்குள் வந்துவிட்டது.

முகமெல்லாம் கருப்பாக வெளியே வந்து, அறுத்தெடுத்த ஒரு கேபிளை அண்ணியிடம் கொடுத்தார். இன்ஜினையும் சட்டத்தையும் சேர்க்கிற எர்த் கேபிள். மேலே ரப்பர் முழுசாக, பளபளப்பாக இருந்தது. நான்கூடப் போன வாரம் அதைத் துடைத்திருக்கிறேன். ரப்பரைக் கீறிக் காட்டினார். உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. இரண்டு மூன்று இழைகள் மட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

"இன்ஜினைத் தாங்கற ரப்பரும் பிஞ்சிருக்கு. மூக்கு மேல தூக்கி, பின்னாடி பாரமும் ஏறினா, இன்ஜின் பின்பக்கமா சாயுது. சாஞ்சா இது இழுபடுது. இழுபட்டா உள்ள விட்டுப்போகுது. பாரத்தை இறக்கினா நிமிர்ந்து ஒட்டிக்குது. என் கடையில மட்டத் தரை. உங்க வீட்ல இறக்கம். எங்க தெரியும் இது?" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "நான் இந்த ஜென்மத்துல இதை என் கடையில வச்சுக் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்மா" என்றார். மேனேஜர் உட்பட அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, வழக்கமாகத் தெரியல என்று சொல்கிற அதே குரலில் சொன்னார்.

அண்ணி கேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வெளியில பாத்தா எவ்வளவு நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி நின்றுவிடக் கூடாதே என்று நாங்கள் எல்லோரும் அது நிற்காத இடங்களாகப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தோம். அவள் ஒருத்திதான் நிற்கிற இடத்துக்குத் திரும்பிப் போய், நில் பார்க்கலாம் என்று சொன்னாள். நாளைக்கு வாசலை மூடுவேன் என்று சொன்ன மனிதரையே கடைசிப் பாரமாக ஏற்றி உட்கார வைத்தாள். தைரியம் என்று இதைச் சொல்லலாமா என்று எனக்குத் தெரியாது. தைரியசாலிகளை நான் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் சத்தம் போடுவார்கள்.

புதுக் கேபிளும் புது ரப்பரும் மாட்டி, அதே பாரத்தோடு, அதே பள்ளத்தில், சலிக்கும்வரை கிளப்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் கிளம்பியது. உப்பு மூட்டைகளைத் திரும்ப அடுக்கினோம். மேனேஜர் செருப்பை மாட்டிக்கொண்டு, "உப்போட சரியாத்தான் இருக்கு. காலையில ஐஸோட பாப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பேச்சை மாற்றுகிற ஆளும் இல்லை அவர்.

சாயங்காலம் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தபோது அண்ணி வழக்கம்போல மேலே போய்த் திருப்பி வரவில்லை. கீழிருந்து ஏறி, வீட்டுக்கு முன்னால், மேடு பார்த்தபடியே நிறுத்தினாள். எதிரே ஏற்றம்தான். காலையில் எடுக்கவில்லை என்றால் உருட்டவும் முடியாது, ஒன்றும் செய்ய முடியாது.

அண்ணன் பெட்டியையும் கயிற்றையும் விட்டுவிட்டு எழுந்தான். "ஏய், என்ன புத்தி கெட்டுப் போச்சா? திருப்பி நிறுத்து! நாளைக்கு ஒருநாள் போகட்டும், அப்புறம் எப்படி வேணா நிறுத்து!"

"திருப்பி நிறுத்தினா காலையில எடுக்கும். அது எனக்கு இப்பவே தெரியும்" என்றாள் அண்ணி. "ராத்திரி பூரா இப்படிச் சாஞ்சு நின்னும் எடுக்குதான்னுதான் தெரியணும்."

"எடுக்கலன்னா?"

"எடுக்கலன்னா இங்கயே தெரிஞ்சுக்கறேன். அங்க போய் எல்லார் முன்னாடியும் தெரிஞ்சுக்கறதுக்குப் பதிலா."

அண்ணன் நொண்டிக்கொண்டே வந்து, வண்டியிலிருந்து அந்தக் கல்லை எடுத்து, பின்சக்கரத்துக்கு அடியில் அவனே வைத்தான். வண்டி பின்னால் போய்விடாமல் இருக்க.

காலையில் வண்டி எடுத்தது. அண்ணி அதற்காக முகத்தைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை.

ஐஸ் கம்பெனியில் அன்றைக்கு நல்ல கூட்டம். மீன் வரத்து அதிகம் என்று செய்தி வந்திருந்தது. முழு லோடு. கட்டிகள் பலகையில் சறுக்கி வந்து ஒன்றோடொன்று மோதி அமர்ந்தன. மூக்கு மேலே, பின்புறம் பள்ளத்தில், தட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் ஒரே கோடாக வடிந்துகொண்டிருந்தது. மேலே வண்டிகள் வரிசையாக நின்றன. ஹாரன் அடிக்க யாரோ தயாராக இருந்தார்கள். நான் பின்கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டி, சாக்கை இழுத்துவிட்டு, ஏற்றியாகிவிட்டது என்பதற்கு இரண்டு தட்டு தட்டினேன்.

யாரும் சொல்லாமலேயே எல்லோரும் வந்துவிட்டார்கள். மொட்டை, நேற்று மூட்டைமேல் உட்கார்ந்தவர்கள், அப்புறம் நான். தள்ளினால் ஏறாது என்று தெரிந்தும், பழக்க தோஷம். ஐஸ் அறையின் விளிம்பில் காலை ஊன்றி, குனிந்து, பின்கதவில் கை வைத்து நின்றோம். படியில் மேனேஜர், கையைக் கட்டிக்கொண்டு.

அண்ணி பக்கத்துக் கண்ணாடியில் எங்களைப் பார்த்தாள். தலையை வெளியே நீட்டினாள்.

"கையை எடுங்க."

"இல்லக்கா, ஒரு இதுக்கு..." என்றான் மொட்டை.

"எடுங்கடா."

எடுத்தோம். ஒரு அடி பின்னால் நகர்ந்தோம். எங்கே வைப்பது என்று தெரியாமல் கைகள் அந்தரத்திலேயே நின்றன. ஐஸ் குளிரில் வேர்த்திருந்த தகரத்தில் எங்கள் உள்ளங்கைகள் பதிந்த இடங்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன, வரிசையாக, விரல் விரலாக. முன்னால் சாவிக்கொத்து குலுங்குகிற சத்தம் கேட்டது. கைத்தடங்களின் ஓரங்களிலிருந்து மெல்ல நீர்த்துளிகள் இறங்க ஆரம்பித்தன.